அக்கா குடித்த நாலு பேணி மோர்

எனக்கு அத்தானைக் கண்டால் வயிறு எரியும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏதோ ஊர் நன்மைக்காக நியாயம் கதைக்கிறேன் என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள்.

அத்தான் என்றால் என் ஒரேயொரு அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் றெயில் பாதைக்குப் பக்கத்தில் வீடு. ஒரு சோடாக் கம்பனியின் ஏஜென்ற். அவருடைய லொறி போகாத ஒழுங்கை வலிகாமத்தில் இல்லை. மனிதர் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் பிள்ளைகள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்ளும். நான் போனால் அதே பிள்ளைகள் "மாமா வந்திருக்கிறார்" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு மறுபடி ரீவிப் பக்கம் திரும்பிவிடும். நான் என்ன குறைந்தவனா? நானும் சிரிக்கத்தான் செய்கிறேன். என் கையில் போத்தல் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் பிள்ளைகள் கிடக்கட்டும். உண்மையான எரிச்சல் அக்காவைப் பற்றியது. அப்பாவும் அம்மாவும் விடியவே தோட்டத்துக்குப் போய்விடுகிற வீடு எங்களுடையது. என்னைக் குளிப்பாட்டியது, சோறு தீத்தியது, பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது எல்லாம் அக்காதான். எட்டு வயதில் நான் முதன்முதலாக அவருக்கு ஒரு ரீ போட்டுக் கொடுத்தேன். சீனி என்று நினைத்து உப்பைப் போட்டுவிட்டேன். அக்கா ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, "நல்லாயிருக்கடா தம்பி" என்றார். பிறகு நான் என்னுடையதைக் குடித்துப் பார்த்துத் துப்பியபோதுதான் விஷயம் தெரிந்தது. அப்படிப்பட்ட அக்காவை ஒருநாள் மாலை மாற்றிக் கூட்டிக்கொண்டு போனவர் மேல் எனக்கு எப்படிப் பாசம் வரும்?

இணுவிலில் எங்கள் வீடு கோயிலுக்குப் போகிற வீதியில் இருக்கிறது. அப்பாவுக்கு ஒருமுறை கடுமையான காய்ச்சல் வந்து பிழைத்ததில் இருந்து, தேர்த்திருவிழா அன்று வாசலில் தண்ணீர்ப்பந்தல் போடுவது எங்கள் வீட்டு நேர்த்திக்கடன். நாலு கமுகஞ் சிலாகை நட்டு, மேலே கிடுகு போட்டு, வெள்ளைத் துணி கட்டி, ஒரு பெரிய கிடாரம் நிறைய மோர். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை, கசக்கிப் போட்ட தேசி இலை என்கிற எலுமிச்சை இலை, உப்பு. வேறு ஒன்றும் கிடையாது. காவடி எடுத்தவர்களும் கோயிலைச் சுற்றி உருண்டு பிரதட்டை செய்தவர்களும் நெற்றியெல்லாம் மண்ணோடு வந்து, தகரப் பேணியை இரண்டு கையாலும் வாங்கி ஒரே மூச்சில் குடிப்பார்கள். அப்பாவுக்குப் பிறகு அந்தக் கிடாரத்துக்கு நான்தான் பொறுப்பு. ஊரில் எனக்கென்று ஒரு மரியாதை இருந்தால் அது அந்த ஒரு நாளில்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அத்தான் அந்த ஒரு நாளிலும் கை வைத்தார்.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு வெறுங்காணி. சொந்தக்காரர் வெளிநாட்டில். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவர்கள் அத்தானிடம் கொடுத்திருந்தார்கள். தேருக்கு முதல் நாள் ஒரு லொறி வந்து நின்றது. கம்பனியின் பெயர் போட்ட மஞ்சள் வளைவு இறங்கியது. கண்ணாடிக் கதவு வைத்த இரண்டு பிறிட்ஜ் இறங்கின. பிள்ளைகளுக்குக் கொடுக்க மஞ்சள் தொப்பி, பெட்டி பெட்டியாகக் கடதாசிக் கப். பக்திப் பாட்டுக்கு நடுவில் கம்பனியின் பெயரைச் சொல்ல ஒலிபெருக்கி வேறு. அத்தான் வீதியைக் கடந்து வந்து, "மச்சான், கம்பனி செய்யச் சொல்லிச்சுது. புண்ணியம் எல்லாருக்கும்தானே" என்றார். நான் சிரித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டும் சிரிக்கலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

தேர் அன்று பத்து மணிக்கே சனமெல்லாம் எதிர்ப்பக்கம். என் பக்கம் வந்தவர்கள் வயது போனவர்களும், சலரோகம் என்கிற நீரிழிவு வருத்தம் உள்ளவர்களும்தான். "எங்களுக்கு உங்கடை மோர்தான் சரி" என்று சொல்லிச் சொல்லிக் குடித்தார்கள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ அந்தப் பக்கம் மஞ்சள் தொப்பியோடு துள்ளிக்கொண்டு நின்ற கூட்டத்தில்தான் கண். என் கிடாரத்தில் அரைவாசி அப்படியே மிஞ்சிப்போய், பின்னேரம் தென்னம்பிள்ளைக்கு ஊற்றினேன்.

ஒரேயொரு ஆறுதல் அக்கா. அவருக்குப் பத்து வருடமாகச் சலரோகம். அத்தானின் பந்தலில் கதிரை போட்டுக் கொடுத்தும் அவர் அங்கே இருக்கவில்லை. நேரே வீதியைக் கடந்து வந்து என் பந்தலில் இருந்தார். "நான் என்ரை தம்பியின்ரை மோர்தான் குடிப்பன்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். எதிர்ப்பக்கம் அத்தானின் முகம் சற்றுக் கறுத்ததைப் பார்த்தேன். அந்த ஒரு நிமிடம் எனக்குத் தேர் வந்து இருப்பிடம் சேர்ந்த மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. மேசையில் அத்தானின் போத்தல் ஒன்று நின்றது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்கடை கம்பனி சனத்துக்கு வருத்தத்தை விக்குது, அத்தான்" என்றேன்.

"நாங்கள் ஆரின்ரை வாயையும் பிளந்து ஊத்தேல்லை, மச்சான். கேட்டவைக்குக் குடுத்தனாங்கள்."

"வெயிலுக்கை தாகத்தோடை வாற சனம், முன்னாலை பனி பிடிச்ச போத்தலைக் கண்டால் கேக்காமல் என்ன செய்யும்? பொறுப்பு உங்களுக்குத்தான்."

"பக்கத்திலை உன்ரை மோரும் இருந்ததுதானே. ஏன் அங்கை வரேல்லை?"

அத்தான் போத்தலை என் பக்கம் திருப்பினார். அதில் சிவப்பாக ஒரு வட்டம் இருந்தது.

"பார். சிவப்பு வட்டம் போட்டு எவ்வளவு சீனி எண்டு எழுதியிருக்கு. வாசிக்கத் தெரிஞ்சவை வாசிக்கலாம், வேண்டாம் எண்டால் விடலாம். உன்ரை கிடாரத்திலை என்ன எழுதியிருக்கு?"

"எங்கடை கிடாரத்திலை எழுதத் தேவையில்லை. உள்ளுக்கு என்ன இருக்கெண்டு ஊருக்கே தெரியும்" என்றேன்.

அக்கா எனக்கு இன்னொரு அகப்பை குழம்பு விட்டுக்கொண்டே, "அது உண்மை. தம்பி தாறதெண்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பன்" என்றார். அத்தான் போத்தலை எடுத்து மேசைக்குக் கீழே வைத்தார். நான் அன்றைக்கு வழமையை விடக் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

வாதத்தில் வென்றது வேறு, வரிசையில் தோற்றது வேறு. அந்த வருடம் முழுவதும் கடையில் நின்றாலும் கோயிலில் நின்றாலும் கம்பனிகளைத் திட்டினேன். பிள்ளைகளின் பற்களைப் பற்றிக் கதைத்தேன், இளம் வயதிலேயே வருகிற வருத்தங்களைப் பற்றிக் கதைத்தேன். கதைத்ததெல்லாம் சரியானவைதான். இன்றைக்கும் அதில் ஒரு சொல்லை நான் மாற்ற மாட்டேன். ஆனால் கதைத்தவனின் நெஞ்சுக்குள் இருந்தது பிள்ளைகளின் பல் அல்ல, அந்த மஞ்சள் வளைவு.

அடுத்த தேருக்கு முதல் நாள் பத்துக் கிலோ சீனி வாங்கினேன். மனைவிக்குத் தெரியாமல் மோட்டார் சைக்கிள் நிற்கிற கொட்டிலில் சாக்குக்குக் கீழே ஒளித்துவைத்தேன். மனைவி வழமைபோல வெங்காயம் அரிந்து, உப்பு மோர் கரைத்துவைத்துவிட்டு விடியவே கோயிலுக்குப் போய்விட்டாள். வாசலில் ஊற்றிக் கொடுக்க அயலவர் ஒருவர் நின்றார். முதல் கிடாரம் மெதுவாகப் போனது. எதிர்ப்பக்கம் போன வருடத்தை விடப் பெரிய கூட்டம். நான் குசினிக்குள் போய் இரண்டாவது கிடாரத்தைக் கரைத்தேன். வெங்காயம் இல்லை, மிளகாய் இல்லை, உப்பு ஒரு கிள்ளு. இஞ்சியும் தேசி இலையும் மணத்துக்கு. பிறகு சீனி.

பிள்ளைகளுக்குத்தானே என்று முதலில் கொஞ்சம்தான் போட்டேன். ஒரு சின்னப் பெட்டை குடித்துவிட்டு நாக்கால் உதட்டைத் துடைத்துக்கொண்டு இன்னும் கேட்டது. உள்ளே போய் இன்னும் கொஞ்சம் போட்டேன். மூன்று பேர் ஆறு பேரை எதிர்ப்பக்கத்தில் இருந்து கூட்டிக்கொண்டு வந்தார்கள். இன்னும் போட்டேன். குடிக்கிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அளவைக் கூட்டினேன். வயது போன இரண்டொருவர் ஒரு வாய் குடித்துவிட்டுப் பேணியை மெதுவாக மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களை நான் கண்டுகொள்ளவில்லை. பதினொரு மணியளவில் என் வரிசை எதிர்ப்பக்க வரிசையை விட நீளமாகிவிட்டது. மஞ்சள் தொப்பியோடு பிள்ளைகள் என் கிடாரத்தைச் சுற்றி நின்றார்கள். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? தலைக்குள் மேளம் அடித்தது.

அப்போதுதான் அக்கா வந்தார். அவருடைய காலில் சின்ன விரலுக்குப் பக்கத்தில் ஒரு புண் இருந்தது, துணி சுற்றியிருந்தார். அது ஒரு மாதமாக ஆறாமல் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வெயிலில் நடந்து வந்த களைப்போடு கதிரையில் இருந்து, "தா தம்பி" என்று கையை நீட்டினார். அயலவர் ஒரு பேணி ஊற்றிக் கொடுத்தார். நான் குறுக்கே போய் வாங்கியிருக்கலாம். முதல் கிடாரத்தில் அடியில் கொஞ்சம் உப்பு மோர் இருந்தது, அதை எடுத்துத் தந்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை.

அக்கா ஒரு மிடறு குடித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, ஒரு கேள்விதான் இருந்தது. நான் கிடாரத்துக்குள் அகப்பையை விட்டுத் துழாவிக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து அத்தான் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீதியைக் கடந்து வந்தார். "இண்டைக்கு உன்ரை பக்கம்தான் சனம், மச்சான்" என்றார். பிறகு அக்காவிடம், "என்னவாம், தம்பியின்ரை மோர் எப்பிடி?" என்று கேட்டார்.

வரிசையில் நின்ற சனமும் அக்காவைப் பார்த்தது.

"எப்பவும் போலதான்" என்றார் அக்கா. மிச்சத்தைக் குடித்துவிட்டுப் பேணியை மறுபடி நீட்டினார்.

அத்தானும் ஒரு பேணி வாங்கிக் குடித்தார். முழுவதையும் குடித்து, பேணியைக் கவிழ்த்து வைத்து, "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அக்கா அங்கேயே இருந்தார். வெயில் ஏற ஏறத் தாகம் என்றார். எதிர்ப்பக்கம் அத்தான் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், இந்தப் பக்கம் அக்கா என் மோரைக் குடித்துக்கொண்டிருந்தார். நாலு பேணி. நான் எண்ணிக்கொண்டுதான் நின்றேன். தடுக்க வேண்டும் என்று எண்ணவில்லை, அத்தான் பார்க்கிறாரே என்ற பெருமையில் எண்ணினேன்.

தேர் இருப்பிடத்துக்கு வந்த பிறகு அக்கா கதிரையிலேயே சரிந்தார். வாந்தி எடுத்தார். கண் செருகியது. அத்தான் ஓடிவந்து தூக்கினார், ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான் அக்காவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றேன். விரலில் குத்திப் பார்க்கிற கருவியில் எண்ணே வரவில்லை. அளவுக்கு மேலே போனால் அது எண் காட்டாதாம். சேலைன் ஏற்றி, ஊசி போட்டு, கொஞ்சம் தெளிந்த பிறகு டொக்டர் கேட்டார், "என்ன குடிச்சனீங்கள் அம்மா?"

அக்கா கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"சோடா" என்றார். "இவரின்ரை பந்தலிலை."

டொக்டர் அத்தானைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. "வருத்தக்காரிக்குத் தெரிஞ்சுகொண்டே குடுத்தனீங்களோ?" அத்தான் அக்காவைப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த செருப்பைப் பார்த்தார். "ஓம் டொக்டர். நான்தான் குடுத்தனான்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை. திறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அக்காவின் அந்தக் கால் சின்ன விரலை வெட்டி எடுத்தார்கள். புண் ஏற்கெனவே உள்ளுக்குப் போய்விட்டது, ஒரு நாளில் வந்த கேடு இல்லை என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். அந்த வசனத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஒரு நாளில் வந்ததல்ல. நான் வாயைப் பிளந்து ஊற்றவில்லை. அவர் தானாகத்தான் நீட்டினார். படுக்கையில் புரண்டு புரண்டு இதையே சொல்லிக்கொண்டிருந்தபோது ஒருநாள் சட்டென்று விளங்கியது, இது முழுக்க அத்தானின் வாதம். ஒரேயொரு வித்தியாசம். அவருடைய போத்தலில் சிவப்பு வட்டம் இருந்தது. என் கிடாரத்தில் அப்பாவின் நேர்த்தியும் அக்காவின் நம்பிக்கையும்தான் இருந்தன. அன்றைக்கு அக்காவைத் தவிர வேறு எந்தச் சலரோகக்காரர் அதை நம்பிக் குடித்தார் என்று நினைக்கவே எனக்குப் பயம்.

அத்தானே ஒத்துக்கொண்ட பிறகு, என் மோர் இனித்ததை யாரும் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை; ஊர் அத்தானைப் பிடித்துக்கொண்டது. "சொந்தப் பெண்சாதிக்கே சோடாவைக் குடுத்துக் காலைக் கெடுத்தவன்" என்றார்கள். என் மனைவியே முகத்துக்கு நேரே கேட்டாள், "உங்களுக்கு உந்தக் கம்பனிதான் பெரிசாப் போச்சுதோ?" அத்தான் தலையைக் குனிந்துகொண்டு ரீ குடித்தார். அக்கா பக்கத்தில் இருந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். கம்பனிக்கு என்ன வந்தது? ஒன்றும் இல்லை. அத்தான் இனிமேல் பந்தல் போட மாட்டேன் என்று சொன்னதும், அந்த மஞ்சள் வளைவைக் கொண்டுபோய் வேறொரு ஊர்க் கோயிலடியில் நட்டுவிட்டார்கள்.

இந்த வருடத் தேருக்கு எதிர்க்காணி வெறுமையாகக் கிடந்தது. நான் விடியக் காலையிலேயே மோர் கரைத்தேன். வெங்காயம், மிளகாய், இஞ்சி, தேசி இலை, உப்பு. சனம் என்னிடம்தான் வந்தது. வேறு போக இடம் இல்லையே. நான் ஆசைப்பட்ட வரிசை கோயில் வளைவு வரைக்கும் நின்றது. அதைப் பார்த்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

அந்த வரிசையில் அத்தான் நின்றார். ஏஜென்ற் என்ற பந்தா இல்லாமல், தோளில் துவாயோடு, எல்லாரையும் போலத் தன் முறை வரும்வரை நின்று, பேணியை வாங்கிக் குடித்தார்.

"இந்தமுறை உப்பு சரி, மச்சான்" என்றார் மெதுவாக.

நான் அகப்பையைக் கீழே வைத்தேன். "அத்தான்... உங்களுக்குத் தெரியுமோ?"

"அண்டைக்கு நானும் ஒரு பேணி குடிச்சனானெல்லோ. சீனி வித்துத் திரியிற ஆளுக்குச் சீனி தெரியாதோ? அண்டைக்கே அவவைத் தூக்கிக்கொண்டு போயிருக்கோணும். உன்னோடை போட்டியிலை நானும் பார்த்துக்கொண்டு நிண்டிட்டன்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"அவவுக்கு நீ தம்பி. சொல்ல அவவுக்கு மனமில்லை. நான் என்னெண்டு சொல்லுறது?" பேணியைக் கவிழ்த்து வைத்தார். "நான் இவ்வளவு காலமாய் எத்தினை பேருக்குக் குடுத்திருப்பன். எனக்கும் வரவேண்டிய ஏச்சுத்தான் அது, விடு."

பிறிட்ஜைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், கூட்டத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அவையெல்லாம் விளையாட்டு. செய்யாத பிழையை ஒரு வருடமாகத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்துவிட்டு, "விடு" என்று ஒரு சொல்லில் முடிக்கிற இந்த மனிதரைப் பார்த்து எரிந்ததுதான் எரிச்சல். இதிலும் நான் தோற்றுப்போனேன்.

சற்று நேரத்தில் அக்கா வந்தார். காலுக்கென்று செய்வித்த செருப்பு, சற்றுச் சாய்ந்த நடை. என் பந்தலில்தான் வந்து இருந்தார். நான் ஒரு பேணியை நிரப்பி இரண்டு கையாலும் கொடுத்தேன்.

"உப்பு மோர்தான் அக்கா" என்றேன்.

"தெரியுமடா" என்று சிரித்தார். அதே சிரிப்பு, ஒரு குறையும் இல்லை. பேணியை வாங்கினார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. பக்கத்தில் நின்ற அத்தானிடம் நீட்டினார். அத்தான் அண்ணாந்து ஒரு மிடறு குடித்தார், தலையை ஆட்டினார். அதன் பிறகுதான் அக்கா குடித்தார்.